படகு திரும்பி வரும் காட்சி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. தங்கச்சிமடத்தில், தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் எங்கள் படத்தைப் போட்டுக் காட்டியபோது, பிரிஸ்கா என்ற பெண் கேட்ட கேள்வியில் பிறந்தது. எங்கள் படம் என்றால், நான் எழுதி, பங்கு இளைஞர்கள் எடுத்த நாற்பது நிமிடப் பக்திப் படம். புயலில் சிக்கிய மீனவன். கரையில் முழந்தாளிட்டுச் செபிக்கும் மனைவி. கடைசியில் படகு திரும்பி வரும். எல்லாரும் கைதட்டினார்கள். வெட்கமில்லாமல் நானும் தட்டினேன்.

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: "கடல் அன்று கோபமாக இருந்தது. பிரிஸ்காவின் கண்களில்..."

வேண்டாம். அவள் கண்களை நான் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன், கருவாட்டு உப்பு ஏறி வெடித்த கை. அதை நீட்டித்தான் பேசினாள்.

"அண்ணே, புயலுக்குள்ள அந்தாளு ரெண்டு கையையும் தூக்கிச் செபிக்கிறானே, சுக்கான யாரு புடிச்சிருக்கா?"

மண்டபமே சிரித்தது. "படத்துல அதெல்லாம் பாக்கக் கூடாதும்மா," என்றேன்.

"ஏன் பாக்கக் கூடாது? ஆண்டவர் படம்னா அரைகொறையா எடுக்கலாமா? நம்ம படத்துல மட்டும் ஏன்ணே பாவம் செஞ்சவன் இருமிக்கிட்டே இருக்கான்?"

(அவள் சொன்னது சரி. நம் பக்திப் படங்களைப் பற்றி பத்து வருடமாக எனக்கும் இதே கருத்துதான். இருமல் போதாதென்று, மனம் திரும்பியவனுக்கு உடனே வெள்ளைச் சட்டை மாட்டிவிடுவோம். குறை சொன்னால் விசுவாசம் பத்தாது என்பார்கள். விசுவாசம் இருப்பதால்தான் குறை சொல்கிறோம் என்று அடித்துச் சொல்வேன். இப்படியெல்லாம் பேசிவிட்டு, நானே எழுதும்போது என் படத்துப் பாவிக்கும் இருமல் வைத்தேன்.)

3

கதை இந்தச் சிரிப்போடு முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. கூட்டம் கலைந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"எம்மக மெல்பாவோட அப்பா கடலுக்குப் போயி ஆறு வருசமாச்சுண்ணே. படகும் வரல, ஆளும் வரல. அன்னைக்கு நானும் முழங்கால்லதான் கெடந்தேன். இப்ப உங்க படத்தப் பாத்துட்டு எம்மக கேக்குறா, 'அம்மா, நீ அன்னைக்குச் சரியாச் செபிக்கலையா'ன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

மெல்பா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பதினான்கு வயது இருக்கும்.

4

முடிவை மாற்றித் தருகிறேன் என்றேன். அடுத்த ஞாயிறு பாம்பனில் படத்தைக் காட்ட வேண்டும்.

முடிவு அ: படகு வருகிறது. இருப்பது இதுதான். பங்குக் கமிட்டிக்குப் பிடிக்கும். மெல்பாவின் கேள்வி அப்படியே இருக்கும்.

முடிவு ஆ: படகு வரவில்லை. மனைவி செபமாலையைக் கடலில் வீசுகிறாள். விருதுகூடக் கிடைக்கும். ஆனால் பிரிஸ்கா வீசவில்லையே.

முடிவு இ: படகு வரவில்லை. மறுநாளே அவள் பூசைக்குப் போகிறாள்.

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், அவள் கருவாடு காயப்போடும் இடத்துக்கே போய் வாசித்துக் காட்டினேன்.

"இதுவும் பொய்தான்ணே," என்றாள், மீனைத் திருப்பிப் போட்டபடி. "ஏழு மாசம் கோயில் பக்கமே நான் போகல. அப்புறம் ஒருநா போனேன். ஏன் போனேன்னா, எனக்கே தெரியல. அத எப்புடிப் படம் எடுப்பீங்க?"

"மெல்பாகிட்ட இதச் சொல்லியிருக்கியா?"

"இல்ல," என்றாள். அடுத்த மீனைத் திருப்பினாள்.

5

நான் செய்தது இவ்வளவுதான்: படகு வரும் காட்சியை வெட்டினேன். மனைவி முழந்தாளில் இருக்கும்போதே படம் நின்றுவிடும். "முடிவே இல்லையே" என்று கமிட்டியில் சண்டை. இல்லைதான் என்றேன்.

பாம்பனில் படம் நின்றதும் விளக்கைப் போட்டார்கள். மூன்றாவது வரிசையில் மெல்பா தன் அம்மா பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். பிரிஸ்கா பேச ஆரம்பித்தாள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள் இருவரையும் விட்டு, சுற்றியிருந்தவற்றை எடுத்தார்கள்.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. பத்து விதமாக எழுத என்னால் முடியும். எழுத மாட்டேன். உங்கள் மகள் உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. பிரிஸ்கா அன்றைக்குச் சரியாகத்தான் செபித்தாள். அதில் மட்டும் கைவைக்காதீர்கள்.