தட்டில் வந்த சால்டரிங் ஸ்டேஷன்

மதீசனைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்ப்பதற்கு முன்பே பிடிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் தன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் காரின் படத்தை வைத்திருந்தான். அப்படிப்பட்டவன் முகத்தில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது?

அம்மாவுக்கோ அவன் கடவுளே அனுப்பிய ஆள். சொந்த ஊர் பாரிட் புந்தார், பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் சீனியர் இன்ஜினியர், வயது நாற்பது, குடி கிடையாது. எனக்கு முப்பத்தேழு. ஈப்போவில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அரசாங்க வேலை. அப்பா போன பிறகு நானும் அம்மாவும்தான். இதற்கு முன் மூன்று பேர் செமோரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, வடை தின்று, "அப்புறம் சொல்றோம்" என்று போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். மூன்று முறையும் எங்கள் வரிசையில் இருக்கும் இருபது வீட்டுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. இந்த நாலாவது ஆளை விட்டால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அம்மா முடிவே கட்டிவிட்டார்.

"அவருக்கும் உன்ன மாதிரி எலக்ட்ரானிக்ஸ்தான் ஹாபியாம் சிவாஜினி. ரெண்டு பேரும் ஒக்காந்து ஈயம் ஊதிக்கிட்டு இருக்கலாம்லா," என்றார் அம்மா. ஈயம் ஊதுவதாம்! பத்து வருடமாகப் பின்கட்டு மேசையில் நான் என்ன செய்கிறேன் என்று இந்த அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சின்னச் சின்ன ரேடியோ செய்வேன், பழுதான விளையாட்டுப் பொம்மைகளைப் பிரித்துச் சரி செய்வேன். எனக்கே எனக்கு என்று இருக்கும் ஒரே சந்தோஷம் அது. அதற்கு நான் வைத்திருந்தது பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பதினைந்து வெள்ளிக்கு வாங்கிய, ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன். சூட்டைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. சர்க்யூட் பலகையில் இருக்கும் செம்பைப் பொசுக்கி உரித்தெடுத்துவிடும். சூட்டை அளவாக வைக்கக்கூடிய ஒரு ஸ்டேஷன் வாங்க வேண்டும், இருநூறு வெள்ளிக்குள் வாங்க வேண்டும் என்று மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா அதை அவனிடம் உளறிவிட்டார். உடனே அவனிடமிருந்து செய்தி வந்தது. கடையிலேயே சந்திக்கலாமாம், அவனே தேர்ந்தெடுத்துக் கொடுப்பானாம்.

அந்தச் சனிக்கிழமை அம்மாவும் நானும் ஈப்போ டவுனில் எனக்குப் பழக்கமான சீனர் கடைக்குப் போனோம். நான் ஏற்கெனவே ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். நூற்று எண்பத்தொன்பது வெள்ளி. சூடேறும் பகுதி முனைக்குள்ளேயே இருப்பதால் பத்து வினாடியில் தயாராகிவிடும். மாற்று முனை அதே கடைச் சுவரில் தொங்குகிறது, ஒன்று பதினைந்து வெள்ளி. பிளக்கும் நம் ஊர் மூன்று கால் பிளக். என்னைப் போன்றவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மதீசன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதுவா? சின்னப் பிள்ளைங்க விளையாடலாம். கையில தூக்கிப் பாருங்க, வெயிட்டே இல்ல. நான் வெச்சிருக்கிறது ஆயிரத்து எண்ணூறு வெள்ளி."

"அதுக்கு டிப் தேஞ்சா எங்க வாங்குறீங்க?" என்று கேட்டேன்.

"ஒரிஜினல் டிப் தேயாதுங்க."

தேயாத டிப்! உருகின ஈயம் நாள்பட நாள்படத் தின்று தீர்க்காத முனை உலகத்தில் உண்டா? இவன் வாழ்நாளில் ஒரு கம்பியைக்கூடப் பற்றவைத்ததில்லை என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. கல்லாவில் இருந்த கடை முதலாளி, தவுக்கே, கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது.

"தவுக்கே, இதையே கட்டுங்க," என்றேன்.

"வேணாம் வேணாம். நல்லதா ஒன்னு நான் குடுக்குறேன்," என்றான் அவன். அம்மா என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினார். கடைக்குள் சண்டை வேண்டாமே என்று வெறுங்கையோடு வந்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

"எனக்கு இந்த ஆள் வேணாம்மா," என்று காரிலேயே சொன்னேன்.

"ஒரு ஸ்பேனருக்காக மாப்பிள்ளைய வேணாங்கிறியா?"

"அது ஸ்பேனர் இல்ல. அவங்க வந்தாங்கன்னா நீங்க எதையும் ஒத்துக்காதீங்க. சொல்லிட்டேன்."

அம்மா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதீசன் தன் அம்மாவோடு வந்தான். வழக்கம்போல வடை சுடும் பொறுப்பு எனக்கு. எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டு ஹாலுக்கு வந்தால், அம்மா கையில் வெள்ளித் தட்டு. வெற்றிலை பாக்கு, ஆறு ஆப்பிள், ஒரு சீப்பு வாழைப்பழம், நடுவில் ஒரு பெட்டி. பெட்டியின் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். சால்டரிங் ஸ்டேஷனுக்குப் பொட்டு!

சிரிப்பு வரவில்லை. எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை வீட்டுத் தட்டைப் பெண்ணின் தாய் இரண்டு கையாலும் வாங்கினால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு திருப்பிக் கொடுத்தால் அவர்களை அவமானப்படுத்துவதாகிவிடும். அம்மா இரண்டு கையாலும்தான் வாங்கியிருந்தார். என் கண்ணைப் பார்க்காமல் தட்டை மேசைமேல் வைத்தார்.

"அடுத்த மாசம் நல்ல நாளு ரெண்டு இருக்கு," என்றார் மதீசனின் அம்மா.

அதற்குள் மதீசன் பெட்டியைத் திறந்து ஸ்டேஷனை வெளியே எடுத்துவிட்டான்.

"தூக்கிப் பாருங்க சிவாஜினி. நான் வெச்சிருக்கிற அதே ஆயிரத்து எண்ணூறு வெள்ளி மாடல். ஒரிஜினல்னா வெயிட் இப்படி இருக்கணும். இருங்க, ஆன் பண்ணிக் காட்டுறேன்."

வயரை உருவினான். இரண்டு கால் பிளக். நம் வீட்டுச் சுவரில் மூன்று துளை. இன்ஜினியர் என்ன செய்தான் தெரியுமா? சட்டைப் பையில் இருந்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்து மேல் துளையில் குத்தி, அதனால் மூடி விலகித் திறந்த மற்ற இரண்டு துளையிலும் பிளக்கை அழுத்திச் சொருகினான். இந்த நாட்டில் எல்லா வீட்டிலும் போன் சார்ஜருக்கு இப்படித்தான் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். ஆனால் இது சார்ஜர் இல்லை. பேனா குத்திய அந்த மேல் துளைதான் எர்த். சால்டரிங் முனை முழுக்க உலோகம். எர்த் இல்லாவிட்டால் கசியும் மின்சாரம் அந்த முனை வழியாகத்தான் போகும். தொடுகிற சிப் செத்துப்போகும், கெட்ட நேரமாக இருந்தால் தொடுகிற ஆளுக்கும் அதே கதி. ஆயிரத்து எண்ணூறு வெள்ளி ஸ்டேஷன் செய்கிறவன் இரண்டு கால் பிளக் வைத்து அனுப்புவானா?

பிளக்கைப் பிடுங்கினேன். பின்கட்டிலிருந்து ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்து, சூடு ஏறுவதற்கு முன்பே அடியில் இருந்த நாலு திருகாணியையும் கழற்றினேன்.

"என்ன பண்றீங்க? வாரண்டி போயிரும்!" என்றான் மதீசன்.

உள்ளே பிஸ்கட் அளவில் ஒரு பலகை. அதன் பக்கத்தில் செங்கல் மாதிரி ஓர் இரும்புக் கட்டி, பசை போட்டு ஒட்டியிருந்தது. நெம்பி எடுத்து ஆப்பிளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னம்மா இது?" என்றார் அவன் அம்மா.

"வெயிட்டுக்கு வெச்சிருக்காங்க ஆன்டி. இது டூப்ளிகேட். நூறு வெள்ளிகூடப் பெறாது."

மலிவுச் சரக்கை என் தலையில் கட்டி ஆயிரத்து எண்ணூறு என்று பீற்றிக்கொள்கிறான் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் மதீசன் முகம் வெளுத்துவிட்டது. போனை நீட்டினான். ஆன்லைன் ரசீது. ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது வெள்ளி, நிஜமாகவே கட்டியிருக்கிறான். விற்ற கடையின் பெயரில் ஒரிஜினல் என்ற சொல் மட்டும் மூன்று தடவை வந்தது.

"உங்க வீட்டுல இருக்கிறதும் இந்தக் கடையிலதான் வாங்குனதா?"

"ஆமா. அத இன்னும் பெட்டியவிட்டு எடுக்கல," என்றான் மெதுவாக.

பொய்யனாக இருந்திருந்தால்கூட ஏதோ மூளை இருக்கிறது என்று மன்னித்திருப்பேன். இவன் முழு முட்டாள். ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அவன் பின்னாலேயே வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்து, ஒரு நிமிடம் பாவமாகக்கூட இருந்தது.

"உங்களுக்கு என்னைப் பிடிக்கல, தெரியுது," என்றான் தணிந்த குரலில். "ஆனா பொண்ணு வேணாம்னு சொல்லிட்டான்னு வெளிய தெரிஞ்சா எங்க பக்கம் ரொம்ப அசிங்கமாயிரும். நான்தான் வேணாம்னு சொன்னதா இருக்கட்டுமே. உங்களுக்கு இது நாலாவதுதானே. பழகியிருக்கும்லா."

அந்த 'பழகியிருக்கும்' நெஞ்சில் அப்படியே குத்தி நின்றது. பழகவில்லை. ஒருமுறைகூடப் பழகவில்லை. மூன்று தடவையும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். அது யாருக்கும் தெரியாது.

"தம்பி."

பின்கட்டு வாசலில் அம்மா நின்றார். கையில் வடைத் தட்டு.

"முன்னால வாங்க," என்றார் அம்மா. ஹாலுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அம்மா வடையை வைத்துவிட்டு வெள்ளித் தட்டைத் தூக்கினார். பழம், வெற்றிலை, பிரித்துப் போட்ட ஸ்டேஷன், இரும்புக் கட்டி, எல்லாம் அதில்தான் இருந்தன. அதை அப்படியே மதீசனின் அம்மாவிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

"வாங்குனது என் தப்பு. மன்னிச்சிருங்க. எம்பொண்ணு அன்னிக்கே வேணாம்னு சொன்னா, நான்தான் கேக்கல."

"என்னங்க இது? வேணாம்னு சொல்றதுக்கு ஒரு காரணம் வேணாமா?"

"அவளுக்குப் பிடிக்கல. வேற காரணம் வேணாம். யாரு கேட்டாலும் பொண்ணுதான் வேணாம்னுச்சுன்னு சொல்லுங்க. நானும் அப்படித்தான் சொல்லுவேன்."

அவர்கள் வடையைத் தொடாமலே போனார்கள். கார் முச்சந்தியில் திரும்பி மறையும்வரை அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டு நாச்சியம்மை அக்கா, "என்ன சரோஜா, முடிஞ்சிருச்சா?" என்று சன்னலிலிருந்து கேட்டார்.

"முடிஞ்சிருச்சு. எம்பொண்ணு வேணாம்னுட்டா!" என்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"முப்பத்தேழு வயசு. இனிமே ஒருத்தனும் வர மாட்டான், தெரியுமா?"

"தெரியும்மா."

"குழாயத் தொறந்துவிட்டா எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா?" என்றார் அம்மா.