மாப்பிள்ளையின் கட்டைவிரல்

திரைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. லாகூரில் பெண்ணைப் பெற்றவள் மருமகனை எடைபோட அவ்வளவுதான் வழி. ஷஹர்பானுவுக்கு அதுவே அதிகம். முகம் தெரியவில்லை. சர்பத் கிண்ணத்தைப் பிடித்த வலது கை தெரிந்தது. கட்டைவிரலில், பச்சைக் கல்லில் கடைந்து, பொற்கொடி ஓட்டி, பூவுக்குப் பூ மாணிக்கம் பதித்த வில்லாளி மோதிரம்.

கொழுந்தன் யார்முகம்மது உள்ளே வந்து கிசுகிசுத்தான். "பாதுஷா கையால குடுத்தது அண்ணி. ஓடுற மானை ஒரே அம்புல சாய்ச்சாராம்."

"மான் சிரிச்சே செத்திருக்கும்."

பன்னிரண்டு வருஷம் குதிரைப்படை வில்லாளியோடு குடித்தனம் நடத்தியவள் அவள். அந்த மோதிரத்துக்கு ஒரு பக்கம் அலகு போல நீண்டிருக்கும். அது விரலின் சதைப்பக்கம் இருக்கவேண்டும். நாண் அதில்தான் மாட்டும். இந்த மகானுபாவர் மாணிக்கம் ஊருக்குத் தெரியட்டும் என்று அலகை நகத்தின் மேல் திருப்பிப் போட்டிருந்தார். அப்படியே நாணை இழுத்தால் தோல் உரிந்துவிடும். உரிந்த தழும்பு ஒன்றுகூட இல்லை. ஊறவைத்து உரித்த வாதுமை மாதிரி விரல். மாப்பிள்ளை மிர்சா தஹ்மாஸ்ப் அம்பறாத்தூணியில் வெற்றிலைதான் வைத்திருக்கிறார் என்று தெருவில் பேச்சு. பொறாமைக்காரர்கள் பேச்சு என்று அவள் இதுவரை தள்ளியிருந்தாள்.

"பொண்ணு குடுக்கிறதா இல்ல தம்பி."

"மோதிரத்தை மாத்திப் போட்டதுக்கா அண்ணி?"

"வில்லைத் தொடாம விருது வாங்கிட்டான், சரி, தர்பார்ல அது நடக்கிறதுதான். எப்பிடிப் போடணும்னு ஒரு சிப்பாயைக் கேக்கக் கூடவா கௌரவம் தடுக்குது?"

பின்னால் நின்ற மகள் நிகார் மெதுவாகச் சொன்னாள். "போன வாரமே மாடியிலேருந்து பாத்தேன்மா. அதப் பாத்துட்டுத்தான் சரின்னேன்."

"கழுதை. என்ன பேசுற?"

"அப்பா சரியாத்தான் போட்டிருந்தாரு. காந்தஹார்லேருந்து மோதிரம் மட்டும்தானே திரும்பி வந்துச்சு. இவரு எந்தச் சண்டைக்கும் போக மாட்டாரு. இழுத்துட்டுப் போனாலும் வயித்துவலின்னு படுத்துக்குவாரு. வீட்டுல இருப்பாரு."

ஷஹர்பானு வாயைத் திறந்தாள். யார்முகம்மது சந்தடி சாக்கில் கற்கண்டுத் தட்டை அவள் கையில் திணித்தான். பெண்ணின் தாய் அதைத் திரைக்கு அந்தப் பக்கம் தள்ளிக் கையை எடுத்துவிட்டால் சம்பந்தம் உறுதி, பிறகு பேச்சில்லை.

நிகார் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷஹர்பானு தட்டைத் தரையில் வைத்துத் தள்ளினாள். பாதி தட்டு அந்தப் பக்கம் போனது. உடனே அந்தக் கொழுத்த கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இறங்கி, உடைந்த துண்டுகளை ஒதுக்கி, ஆகப் பெரிய கற்கண்டாகத் தேடத் தொடங்கின. தட்டு ஆடியது. மறுபாதியின் விளிம்பை இந்தப் பக்கம் ஷஹர்பானு இன்னும் பிடித்திருந்தாள்.