முப்பத்தெட்டாவது படி

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வைத்து, "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்பேன். மிச்ச நேரத்தில், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் சம்பளமில்லாத பஞ்சாயத்து. இரண்டு பேர் ஒரே வரியை மாற்றி மாற்றித் திருத்தி அடித்துக்கொண்டால் வழக்கு என்னிடம் வரும். "வீட்டுச் சண்டை பத்தலையா உனக்கு?" என்பார் என் கணவர். வீட்டில் என் தீர்ப்பை யார் மதிக்கிறார்கள்?

அப்படி வந்து சேர்ந்ததுதான் ரயில்பாதை நடைமேம்பாலம். எங்கள் கடைக்கு நேர் எதிரே இருக்கிற அதே பாலம். கட்டுரை மொத்தமே நாலு வரி. 'கடைத்தெருப் பக்கம் 38 படிகள்' என்று ஒருவர் எழுதுவார். பத்து நிமிடத்தில் இன்னொருவர் வந்து 37 ஆக்குவார். ஒரே வாரத்தில் அறுபத்து நாலு தடவை. முப்பத்தெட்டுக்காரரின் புனைபெயர் 'ரசமட்டம்'. முப்பத்தேழுக்காரர் 'சான்று எங்கே'.

'சான்று எங்கே' கையில் சான்று இருந்தது. பாலத் திறப்பு விழா மலர், பக்கம் பன்னிரண்டு, முப்பத்தேழு படிகள். 'ரசமட்டம்' கையில் ஒன்றுமில்லை. 'நானே எண்ணிப் பார்த்தேன்' என்று மட்டும் எழுதியிருந்தார். எங்கள் கலைக்களஞ்சியத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. கண்ணால் பார்த்தது செல்லாது. யாராவது அதை அச்சடித்திருக்க வேண்டும்.

மனசு கேட்காமல் சாப்பாட்டு வேளையில் போய் ஏறி எண்ணினேன். முப்பத்தெட்டு. இறங்கும்போதும் அதேதான். அடிப்படி மட்டும் மற்றவற்றில் பாதி உயரம். அதில் காய்த்துப்போன கைகளோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதான் பஞ்சாயத்து பண்றவங்களாம்மா?"

"எப்படித் தெரியும்?"

"வாய்விட்டு எண்ணிக்கிட்டு ஏறி இறங்குறவங்க வேற யாரு இருக்கா? நான்தான் ரசமட்டம், மட்டம் பாக்குற கருவி பேரையே வச்சுக்கிட்டேன். இந்தப் பாலத்தைக் கட்டுன மேஸ்திரி."

அவரே சொன்னார். "பிளான்ல முப்பத்தேழுதான். ஆனா ரோடு தாழ்ந்துபோய், முதல் படி முழங்கால் உசரத்துல நின்னுச்சு. என் வீட்டுக்காரி அப்ப இங்கதான் கலவை சுமந்தா. வயித்துல ஏழு மாசம். காலைத் தூக்கி வைக்க முடியலைன்னு அழுதா. மிச்சமிருந்த சிமென்ட்ல இதைப் போட்டேன். இப்பவும் முட்டிவலியோட இதுல ஏறித்தான் அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போறா. யாரும் சொல்லாம நானாக் கட்டுனது என் ஆயுசுல இது ஒண்ணுதாம்மா. அதைப் போய் இல்லைங்கிறான்."

"என்னால எழுத முடியாது மேஸ்திரி."

"இப்பதானே எண்ணுனீங்க?"

"எண்ணினேன். அது சான்று ஆகாது."

அவர் உட்கார்ந்திருந்த படியைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்ல?"

தீர்ப்பு எழுதினேன்: முப்பத்தேழு. யாரும் திருத்த முடியாதபடி பக்கத்தையும் பூட்டினேன். அன்றைக்குக் கடையில் யார் முகத்தையும் நேராகப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் கட்டுரையைப் பற்றி விவாதிக்கிற பேச்சுப் பக்கத்தில் 'சான்று எங்கே' நன்றி சொல்லியிருந்தார். தான் நகராட்சியில் பாலங்களின் கோப்பு பார்ப்பவர் என்றும், நேரில் போய் எண்ணியதில் ஒரு படி அதிகம் இருப்பது உண்மைதான் என்றும், பிழை விரைவில் சரிசெய்யப்படும் என்றும் எழுதியிருந்தார். கட்டுரையில் உள்ள பிழையா என்று கேட்டேன். 'இல்லை, பாலத்தில்' என்று பதில் வந்தது.

நாலாம் நாள் டிரில்லோடு இரண்டு பேர் வந்தார்கள். விழா மலரைக் கையில் விரித்தபடி ஒரு மெலிந்த மனிதர் பக்கத்தில் நின்றார். 'சான்று எங்கே' அவராகத்தான் இருக்க வேண்டும். கடையில் கண்ணாடிகளெல்லாம் அலமாரியில் கிடுகிடுத்தன. அரை மணி நேரத்தில் படி கல்லும் மண்ணுமாகிவிட்டது. மேஸ்திரியின் மனைவி வந்தார், காலைத் தூக்கினார், முடியவில்லை. ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போக நடையைக் கட்டினார். எனக்கு அந்த மெலிந்த மனிதர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம்.

மறுநாள் செய்தித்தாளின் ஆறாம் பக்கத்தில் இரண்டங்குலச் செய்தி: 'நடைமேம்பாலத்தில் கூடுதலாக இருந்த 38ஆவது படி அகற்றம்'. பரிசோதனை நாற்காலியில் இருந்தவரை அப்படியே விட்டுவிட்டுத் துள்ளி எழுந்தேன். அச்சில் வந்துவிட்டதே! பூட்டைத் திறந்து, 'முன்பு 38ஆவது படி ஒன்று இருந்தது' என்று சேர்த்தேன். 'அருமையான சான்று' என்று முதல் ஆளாகப் பாராட்டியது 'சான்று எங்கே'தான்.

மேஸ்திரியைத் தேடிப் போய் செல்போனை நீட்டினேன். மூன்று தடவை படித்தார்.

"இருந்துச்சுன்னு போட்டுட்டீங்க."

"ஆமா மேஸ்திரி."

"இருந்தப்ப இல்லைன்னீங்களேம்மா."

அவர் செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை கடையைத் திறக்க வந்தபோது பாலத்தடியில் ஈரச் சாக்கு கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். அதே பாதி உயரம், புது சிமென்ட். அந்த நேரம் பார்த்து மேலிருந்து அந்த மெலிந்த மனிதர் இறங்கி வந்தார். அவசரமாகச் சாக்கைப் பழையபடி போட்டு மூடினேன். சாக்கில் கால் படாமல் புதுப் படியைக் கவனமாகத் தாண்டி இறங்கினார்.

"சார், இந்தப் படி..." என்று உளறிவிட்டேன்.

"எந்தப் படிம்மா? அதை இடிச்சாச்சு. கோப்பையும் மூடியாச்சு. இடிச்ச படி எப்படி இங்க இருக்கும்?" என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து மேஸ்திரியின் மனைவி அதில் கால் வைத்து ஏறிப் போவதைக் கடைவாசலிலிருந்து பார்த்தேன். உள்ளே வந்து கட்டுரையைத் திறந்தேன். பேச்சுப் பக்கத்தில் 'ரசமட்டம்' புதிதாக ஒரு வரி எழுதியிருந்தார்.

'முப்பத்தேழுதான். நானே எண்ணிப் பார்த்தேன்.'

விதிப்படி அது செல்லாது. அழிக்காமல் விட்டுவிட்டேன்.