ஒளிந்திருப்பவருக்கு ஒரு தட்டு

மூன்றாம் மாடி வீட்டு ரயில் டிக்கெட் பரிசோதகர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியோடும் மகளோடும் கண்ணாமூச்சி ஆடும்போது ஒளிந்துகொண்டவர், வெயில் காலம் போய் மழைக்காலம் வந்து அதுவும் முடியும்வரை கிடைக்கவில்லை. வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. இரண்டு அறை, ஒரு சமையலறை, இருவர் நின்றால் மூன்றாமவர் மூச்சுவிட இடமில்லாத ஒரு பால்கனி. பரிசோதகரோ, ஓடும் ரயிலில் எதிரே வந்தால் பயணிகள் சீட்டில் ஏறி வழிவிடுகிற உடம்புக்காரர். அப்பேர்ப்பட்டவர் எங்கே போயிருப்பார் என்று அந்த வாரம் குடியிருப்பு முழுக்கக் கேட்டது. மறுவாரம் பாதிப் பேர் கேட்டார்கள். அதற்கடுத்த வாரம் தண்ணீர் மோட்டார் ரிப்பேராகி, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

ஆட்டத்துக்குக் காரணம் டாக்டர். பிளாட்பாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த பரிசோதகரைப் பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது, அவர் மனைவியைத் தனியே அழைத்து டாக்டர் சொன்னது இதுதான்: ஆறு மாதம் எண்ணெய், உப்பு, இனிப்பு மூன்றும் அளவோடு, உடம்பு தினமும் அசைய வேண்டும். அப்படி இருந்தால் இதயம் மன்னித்துவிடும். "இல்லேன்னா, அடுத்த தடவை என்கிட்ட கூட்டிட்டு வர நேரம் இருக்காதும்மா." மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், எழுத்துப் பலகையைக் காட்டி ஊருக்கே கண் சோதிப்பவள். வீட்டுக்குப் போகிற வழியிலேயே இரண்டு புத்தகம் வாங்கினாள். ஒன்று ஆரோக்கியச் சமையல். அதன் அட்டையில் ஒரு தம்பதி முட்டைக்கோஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று குடும்பத்தோடு வீட்டுக்குள் ஆடும் ஆட்டங்கள். நடக்கச் சொன்னால் நடக்காத மனிதர், ஜெயிக்கச் சொன்னால் ஓடுவார் என்பது அவள் கணக்கு.

கணக்கு பாதிதான் பலித்தது. பரிசோதகர் வாழ்நாளில் எதிலும் தோற்றவர் இல்லை. மகள் தவழ்கிற வயதில் அவளோடு பந்து உருட்டியபோதுகூட விட்டுக்கொடுக்கவில்லை. சுருட்டிய சாக்ஸைக் கூடைக்குள் எறியும் ஆட்டம், ஒற்றைக் காலில் நிற்கும் ஆட்டம், கண்ணைக் கட்டிக்கொண்டு ஆளைத் தொடும் ஆட்டம், எல்லாவற்றிலும் மூச்சிரைக்க ஜெயித்தார். ஆனால் அவித்த பீன்ஸை மூன்று வாய் தின்றுவிட்டு, நண்பர்களைப் பார்க்கப் போவதாகச் சொல்லி ஸ்டேஷன் கேன்டீனுக்குப் போனார். திரும்பி வரும்போது மீசையில் எண்ணெய் பளபளத்தது. "வெயில்ல வேர்த்துடுச்சு," என்றார். வீட்டில் வக்கீல் என்று பெயரெடுத்த மகள், "வேர்வையில வெங்காய வாசனை வருமாப்பா?" என்று கேட்டாள். படுக்கையில் அவர் மூச்சு ஏற்றத்தில் திணறும் லாரி போல இழுப்பதைக் கேட்கும்போதெல்லாம் மனைவி எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

கண்ணாமூச்சி அந்தப் புத்தகத்தின் கடைசி ஆட்டம். மனைவி சுவரில் முகம் புதைத்து எண்ணினாள். மகள் கட்டிலுக்கடியில் போனாள், உடனே கிடைத்தாள். பரிசோதகர் கிடைக்கவில்லை. கழிவறைக் கதவுக்குப் பின்னாலும் பெர்த்துக்கு அடியிலும் ஒளிகிறவர்களைப் பிடித்தே வயிறு வளர்த்தவருக்கு ஒளிவது எப்படி என்று தெரியாதா என்ன. பீரோவைத் திறந்தார்கள், மெத்தையைப் புரட்டினார்கள், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக்கூடக் கோல்விட்டுப் பார்த்தார்கள். மாடிக்குப் போகத் திறக்கும்வரை வாசல் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. மதியம் ஆறிப்போன பூசணி சூப்பையும் ஒரு தட்டு முட்டைக்கோஸையும் மாத்திரையையும் மேஜையில் வைத்துவிட்டு, பக்கத்தில் எங்கோ மூச்சு இழுப்பது கேட்கிறதா என்று இருவரும் சுவர்ப் பக்கம் திரும்பிக் காதைத் தீட்டினார்கள். மறுபடி திரும்பியபோது தட்டு துடைத்து வைத்ததுபோல இருந்தது. மாத்திரையும் இல்லை.

மறுநாள் காலை மனைவி தொண்டையைச் செருமினாள். தேடுகிறவர் வாய்விட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டால் ஒளிந்தவர் தானாக வெளியே வர வேண்டும். அது புத்தகத்தில் அச்சிட்டிருந்த விதி. அவர் காத்திருப்பதும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தவள், காலியான தட்டைப் பார்த்தாள். கல்யாணமான நாள்முதல் அந்த மனிதர் ஒரு முட்டைக்கோஸ் துண்டைக்கூட முழுசாகத் தின்றதில்லை. ஒளிந்திருக்கிறவர் கேன்டீனுக்குப் போக முடியாது. போனால் ஆட்டத்தில் தோற்றுவிடுவார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்று புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பி, ஓட்ஸும் கேரட்டும் செய்தாள்.

இப்படித்தான் அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டானது. வேளாவேளைக்கு மேஜையில் தட்டு வைப்பார்கள், இருவரும் சுவரைப் பார்த்து நின்று ஐம்பதுவரை எண்ணுவார்கள், திரும்பினால் தட்டு காலியாக இருக்கும். மகள் ஒருமுறை முப்பதிலேயே திருட்டுத்தனமாகத் திரும்பிப் பார்த்தாள். தட்டு அப்போதே காலி, ஆள் இல்லை. துவைக்கிற கூடையில் அவருடைய வேட்டியும் சட்டையும் வந்து விழுந்தன. துவைத்துக் காயப்போட்டால் கொடியிலிருந்து காணாமல் போயின. பால்கனியில் தொங்கிய அவருடைய பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை விழுந்திருந்தது. குளியலறை எடை மெஷின் காலைதோறும் தானாகவே ஒளிர்ந்தது. அதில் தெரிந்த எண் இறங்கிக்கொண்டே வந்தது. மழை பிடித்தபோது, ராத்திரியில் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டிருந்த மூச்சு இழுக்கும் சத்தமும் நின்றுவிட்டது. மனைவி அன்று சந்தோஷப்பட்டாள். பிறகு, சத்தம் இல்லாவிட்டால் ஆள் இருக்கிறாரா என்று எப்படித் தெரியும் என்று நினைத்து, அதிலிருந்து தூக்கத்தைத் தொலைத்தாள். கடையில் சக ஊழியர்கள் அவள் காதுபடவே, ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவளுக்கு வீட்டுக்காரரைக் கண்டுபிடிக்கத் துப்பில்லை என்றார்கள். அவள் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பரிசோதகரின் அக்கா பெண்கள் விடுதி வார்டன். சாவிக்கொத்தோடு பிறந்தவள் என்பார்கள். அவள் ஓர் இன்ஸ்பெக்டரையும் அழைத்துக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் நின்றாள்.

"என் தம்பியை என்னடி பண்ணின?"

"ஒளிஞ்சிருக்கார் அண்ணி."

"இத்தனை மாசமாவா? கேக்கிறவ கேனச்சியா இருந்தா எருமை ஏரோப்ளேன் ஓட்டுதுன்னு சொல்லுவியே!"

இன்ஸ்பெக்டர் தரையைத் தட்டிப் பார்த்தார், பரணில் டார்ச் அடித்தார், குளிர்பதனப் பெட்டியைத் திறந்து கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். தன் கையில் விலங்கு மாட்டினால் யார் சமைப்பார்கள், தட்டு யார் வைப்பார்கள் என்பதுதான் மனைவியின் பயம். இன்ஸ்பெக்டர் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். மின்விசிறி நின்றது. அந்த அமைதியில், வீட்டின் எந்த மூலை என்று சொல்ல முடியாத ஓர் இடத்திலிருந்து, யாரோ கேரட்டைக் கடித்து மெல்லும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் கடைசிவரை கேட்டார். "இருக்கார்," என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். குடும்ப ஆட்டத்தில் போலீஸ் தலையிட முடியாது என்று படியிறங்கும்போது வார்டனிடம் சொன்னதாகக் கேள்வி.

போலீஸை மிஞ்சிய ஆபத்து வீட்டுக்குள் இருந்தது. டாக்டர் சொன்ன ஆறு மாதம் முடிந்த மறுநாள் மகள் சமையலறை வாசலை மறித்தாள். அதற்கு முன் அவளே கூடத்தில் நின்று தோற்றுவிட்டதாகக் கத்திப் பார்த்திருந்தாள், பலிக்கவில்லை. தேடுகிறவள் அம்மா, அவள் வாயால் வந்தால்தான் செல்லும்.

"கெடு முடிஞ்சிடுச்சும்மா. ஒரே ஒரு வார்த்தை. ஏன் சொல்ல மாட்டேங்கிற?"

"சொன்னா வந்துடுவாருடி."

"வரட்டுமே! அதுக்குத்தானே!"

"வந்தா நேரா கேன்டீனுக்குத்தான் போவாரு. எனக்குத் தெரியும். இங்கயாவது இருக்காரு."

"நீ அப்பாவைக் காப்பாத்தலம்மா. ஊறுகாய் போட்டு வெச்சிருக்க."

அடித்திருந்தால்கூட அந்த அளவு வலித்திருக்காது. அம்மாவும் மகளும் பத்து நாள் பேசிக்கொள்ளவில்லை. வேளாவேளைக்குச் சுவரைப் பார்த்து நின்று, ஆளுக்கொரு சுவரில், தனித்தனியே எண்ணினார்கள்.

பதினோராம் நாள் வார்டன் மறுபடி வந்தாள், தம்பிக்குப் பிறந்தநாள் என்று. அவள் கொண்டுவந்த டப்பாவைத் திறந்ததும் வீடு முழுக்க எண்ணெய் மணத்தது: பொரித்த கோழி, பொரித்த உருளைக்கிழங்கு, தம்பி சிறுவயதிலிருந்து உயிரை விடுகிற பண்டங்கள். மனைவி வைத்த பீட்ரூட்டை வழித்து ஓரமாகத் தள்ளிவிட்டு, தட்டில் அதை மலைபோலக் குவித்தாள். மனைவி தடுக்கப் போனாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள். இது ஒரு சோதனை என்று அவளுக்குப் பட்டது. காலியானால் அவர் மாறவில்லை. ஆயுசுக்கும் வாயைத் திறக்கக் கூடாது. மூவரும் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். வார்டனின் சாவிக்கொத்து கிலுகிலுத்தது. ஐம்பது.

தட்டு அப்படியே இருந்தது. ஒரு துண்டுகூடக் குறையவில்லை. பக்கத்தில் மாத்திரை, அதுவும் தொடாமல்.

இன்னொரு ஐம்பது எண்ணினார்கள். நூறு எண்ணினார்கள். கோழியின்மேல் எண்ணெய் வெள்ளையாக உறையத் தொடங்கியது. அவரை அறிந்தவர்கள் யாருக்கும் அந்தத் தட்டுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றும். "இதை அவன் விட்டு வெச்சதே இல்லையே," என்று வார்டன் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். மகள் குளியலறைக்கு ஓடி எடை மெஷினைத் தட்டினாள். அது இருட்டாகக் கிடந்தது. திரும்பி வந்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், வாதாடவில்லை, முதல் தடவையாகக் கெஞ்சினாள்: "சொல்லும்மா."

மனைவி தட்டை மேஜை ஓரத்துக்கு நகர்த்தினாள். சொல்லி, யாரும் வராவிட்டால்? சொல்லாதவரைக்கும் ஒளிந்திருக்கிறார், சொல்லிவிட்டால், ஒன்று வருவார் அல்லது இல்லை. கூடத்தின் நடுவில் போய் நின்றாள். எந்தத் திசையைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏங்க, நான் தோத்துட்டேங்க."

குழாய் சொட்டியது. கீழே யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். பிறகு ஜன்னல் திரை ஒதுங்க, பரிசோதகர் வெளியே வந்தார். அந்தத் திரையை அவள் இரண்டு முறை துவைத்திருந்தாள். நடுவில் சில நாள் அங்கே திரையே இருக்கவில்லை. ஆள் பாதியாகியிருந்தார். கன்னம் ஒட்டி, கண் தெளிந்து, கல்யாணப் படத்தில் இருந்தவர் மாதிரி நின்றார். கொஞ்சம்கூட மூச்சு வாங்கவில்லை.

"சொல்லிட்ட இல்ல? அக்கா சாட்சி," என்றார். பிறகு தட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "இதை யாரு திங்கிறது அக்கா? எண்ணெய் உறைஞ்சு கிடக்கு. அந்த பீட்ரூட்டை எங்க தள்ளினீங்க?"

வார்டன் அழுதாள், திட்டினாள், டப்பாவை மூடினாள். மகள் அப்பாவின் கையைப் பிடித்தவள் விடவில்லை. மனைவி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். பரிசோதகர் பீட்ரூட்டைத் தின்று, மாத்திரையை விழுங்கி, கையைக் கழுவிக்கொண்டு வந்து அவளை உற்றுப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். முழங்கையில் கேரட் தோல். பிறகு சுவரோரம் போய் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"இப்ப நீ ஒளி."

"அடுப்புல சூப் இருக்குங்க. மதியம் கடைக்கு வேற போகணும்."

"அடுப்பை நான் பார்த்துக்கறேன். ஒண்ணு. ரெண்டு."

அவள் சிரித்தாள் என்று மகள் சொல்கிறாள். இல்லை, பெருமூச்சு விட்டாள் என்கிறாள் வார்டன். அவர் ஐம்பது எண்ணித் திரும்பியபோது அவள் இல்லை.

அது நடந்து சில வருஷமாகிறது. கண்ணாடிக் கடையில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். பரிசோதகர் இப்போது அந்த ஆரோக்கியச் சமையலின் இரண்டாம் பாகத்தில் இருக்கிறார். டாக்டர் அவர் இதயத்தைக் கேட்டுவிட்டு, இது யாருடையது என்று கேட்டாராம். மேஜையில் தினமும் ஒரு தட்டு வைக்கிறார், சுவரைப் பார்த்து எண்ணுகிறார், தட்டு காலியாகிறது. உப்பு கூடிப்போன அன்று மட்டும் பாதி மிச்சமிருக்கும். மகள் நிஜமாகவே வக்கீலாகிவிட்டாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரே வாதம், பெர்த்துக்கு அடியில் ஒளிந்தவனைப் பிடித்தவருக்குப் பெண்டாட்டி எங்கே என்று தெரியாமல் இருக்காது, தெரியாவிட்டால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று.

"சொல்றேன்டா," என்பார் அவர், நறுக்கிய பீன்ஸைக் கழுவிக்கொண்டே. "அவ சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்."

போன வாரம் சிலிண்டர் போட வந்த புதுப் பையன், வீட்டம்மா இல்லையா என்று விசாரித்தான். இருக்கிறாள், ஒளிந்திருக்கிறாள் என்றார் பரிசோதகர். அவன் தலையாட்டிவிட்டு, சிலிண்டரை உருட்டாமல் தூக்கிக்கொண்டு போய், சத்தமில்லாமல் இறக்கி வைத்தான்.