அடைப்புக்குறிக்குள் ஒரு கோச்

மச்சினன் அந்த வார இதழைச் சாப்பாட்டு மேஜையில் தூக்கிப் போட்டபோது பொறுப்பு சாருக்குப் புரையேறியது. அட்டையில் கொட்டை எழுத்தில் கேட்டிருந்தார்கள்: 'பூட்டா, பட்டாசா?'

கேட்டவன் வேறு யாருமில்லை. எதிரே உட்கார்ந்து, அக்கா வீட்டுத் தட்டை இரண்டாம் முறை நிரப்பிக்கொண்டிருந்த இதே மச்சினன்தான். அந்த இதழின் விளையாட்டு நிருபர்.

பூட்டும் பட்டாசும் ஊர் கால்பந்து கிளப்பின் முன்னாள் கோச்சுகள். பூட்டு இருந்த காலத்தில் அணி கோல் வாங்காது, போடவும் போடாது. மைதானத்துக்கு வந்தவர்கள் குறுக்கெழுத்துப் புதிரை முடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்து வந்த பட்டாசு நேர் எதிர். நாலு கோல் போடுவார், அஞ்சு வாங்குவார். இதய நோயாளிகள் சீசன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு பேரையும் கிளப் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. தள்ளிய மறுவாரமே இருவரும் மேதைகளாகிவிட்டார்கள்.

இப்போது மைதானத்தின் மேற்குப் பக்கத்துப் பழைய வாசலை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். கிளப்புக்கு அதிகம் விட்டுச்சென்ற முன்னாள் கோச் யாரோ, அவர் பெயர் அந்த வாசலுக்கு. ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது. முடி வெட்டுகிற இடத்தில்கூடப் பூட்டுக் கட்சிக்கு ஒரு நாற்காலி, பட்டாசுக் கட்சிக்கு ஒரு நாற்காலி.

பொறுப்பு கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். தன்னைத் தேடித்தான் படித்தார். ஒரே ஓர் இடத்தில் அகப்பட்டார். 'பட்டாசுக்குப் பிறகு, கடந்த ஆறு ஆண்டுகளாக அணி தானாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.'

"தானாவேவா?" என்றார்.

மச்சினன் மென்றதை விழுங்கினான். "கோவிச்சுக்காதீங்க அத்தான். இது முன்னாள் கோச்சுங்களை ஒப்பிடற தொடர். நீங்க முன்னாள் இல்லையே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரியாச் சொல்லப்போனா, இந்நாளும் இல்ல," என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஆறு வருஷத்துக்கு முன்னால் பட்டாசு கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே வெளியேறிய மத்தியானம், கிளப் தலைவர், அப்போது உதவிக் கோச்சாக இருந்த இவரைக் கூப்பிட்டு, சரியான ஆள் கிடைக்கிற வரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பெயிண்டர் வந்து அறைக் கதவில் 'பயிற்சியாளர் (பொறுப்பு)' என்று எழுதினார். அதற்கப்புறம் தலைவர் ஆள் தேடினாரா, தேடுவதையே மறந்துபோனாரா, யாருக்கும் தெரியாது. அடைப்புக்குறிக்குள் இருந்த சொல் மட்டும் மெல்ல வெளியே நழுவி வந்து அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. ஆட்டக்காரர்களுக்குப் பொறுப்பு சார், ரசிகர்களுக்கு வெறும் பொறுப்பு. சொந்தப் பெயர் மனைவிக்கும் பல் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. அணி தோற்றால், பொறுப்பு யார் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, கதவிலேயே எழுதியிருக்கிறது. போன வருஷம் அதே அணி கோப்பையை வென்றபோதோ, அது பூட்டு போட்ட அஸ்திவாரம், பட்டாசு பற்றவைத்த திரி என்று எழுதினார்கள். எழுதியதும் இதே மச்சினன்தான். அன்றைக்கும் இங்கேதான் சாப்பிட்டான்.

"வெள்ளிக்கிழமை வாசலுக்குப் பேர் வைக்கக் கூட்டம் போடறாங்க," என்றார் பொறுப்பு. "அங்கேயே கேட்டுடப் போறேன். அந்த அடைப்புக்குறியை எடுங்கன்னு."

மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். யாரைப் பார்த்தாலும் எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பாள். இப்போதும் அப்படித்தான் பார்த்தாள்.

பூட்டு எப்படிப் போனார், பட்டாசு எப்படிப் போனார் என்று நினைவிருக்கிறதா என்று கேட்டாள். நினைவில்லாமல் என்ன? நிரந்தரக் கோச்சின் ஒப்பந்தத்தில், தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் வீட்டுக்கு என்று ஒரு வரி உண்டு. பொறுப்புக்கு ஒப்பந்தமே கிடையாது. போன மழைக்காலத்தில் வரிசையாக ஏழு தோற்றார். கூட்டம் கத்தியது, ஆனால் 'வெளியே போ' என்று கத்தவில்லை. 'சீக்கிரம் ஒரு கோச்சைப் போடுங்கய்யா' என்றுதான் கத்தியது. உள்ளே வந்தவனாகவே எண்ணாத ஆளை எப்படி வெளியே போகச் சொல்வார்கள்?

"உங்களுக்குத் தூரப்பார்வை," என்றாள். "தள்ளி இருக்கற வாசல் பளிச்சுன்னு தெரியுது. கிட்ட இருக்கற நாற்காலி தெரிய மாட்டேங்குது. அந்தக் குறி உங்களை அமுக்கல, கட்டிப் பிடிச்சிட்டு இருக்கு. விட்டுடுங்க."

பொறுப்பு விடவில்லை.

கிளப்பின் கூட்ட அறை, உடை மாற்றும் அறைக்கு நேர் மேலே. கீழிருந்து தைல வாசனை ஏறிக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை அங்கே கோப ஆவியும் சேர்ந்துகொண்டது. ஜன்னல் பக்கம் பூட்டுக் கட்சி, எல்லோரும் கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார்கள். கதவுப் பக்கம் பட்டாசுக் கட்சி, ஒருவர்கூட நாற்காலியில் முழுசாக உட்காரவில்லை. நடுவில் தலைவர். டயர் வியாபாரி. எந்தச் சண்டையையும் காற்று இறங்குகிற வரைக்கும் ஓரமாக நிறுத்தி வைப்பது அவர் வழக்கம்.

அன்றைக்குக் காற்று இறங்கவில்லை. பூட்டுதான் ஒழுக்கம் கற்றுத் தந்தார் என்றார்கள். தூங்கக் கற்றுத் தந்தார் என்று பதில் வந்தது. பட்டாசு கனவு காண வைத்தார் என்றார்கள். தூங்கினால்தானே கனவு வரும், ஆக அதுவும் பூட்டின் உபயம்தான் என்றார் ஜன்னலோரத்தில் ஒருவர். ஓட்டெடுத்தார்கள், சரிபாதி. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் சரிபாதி.

தலைவரின் பார்வை அறையைச் சுற்றி வந்து பொறுப்பின்மேல் நின்றது. இரண்டு பேரிடமும் உதவியாளராக இருந்தவர் இவர் ஒருவர்தானே, இவரே தீர்ப்புச் சொல்லட்டுமே என்றார்.

பொறுப்பு எழுந்தார். 

பூட்டு விட்டுச்சென்றதை முதலில் சொன்னார். ஒரு இரும்பு அலமாரி, அதன் சாவியை அவர் கையோடு கொண்டுபோய்விட்டார், இன்றைக்கும் திறக்கவில்லை. நாலு தடுப்பாட்டக்காரர்கள், நடுக்கோட்டைக் கண்டாலே மின்சார வேலியைக் கண்டதுபோல் திரும்பி ஓடுவார்கள். அவர்களை அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கத் தனக்கு ஒரு வருஷம் பிடித்தது. பட்டாசு விட்டுச்சென்றது, பந்து சத்தம் கேட்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு கோல்கீப்பர். அவன் கண்ணைத் திறக்க இன்னொரு வருஷம்.

அறையில் சிரிப்பில்லை. இரண்டு கட்சியும் முதல்முறையாக ஒரே மாதிரி முறைத்தன.

"கோப்பை வாங்கின அன்னைக்கு பெஞ்சுல உட்கார்ந்திருந்தது அவங்க ரெண்டு பேரும் இல்ல," என்றார் பொறுப்பு. "நான்."

"ஆமா, பொறுப்புல இருந்தீங்க," என்றார் தலைவர் அன்பாக. "யார் இல்லைன்னா? ஆனா ஒப்பிடறதுன்னா கோச்சோட கோச்சைத்தானே ஒப்பிட முடியும்?"

"அப்ப என்னைக் கோச்சாக்குங்க. அந்தக் குறியை எடுங்க."

தலைவர் நிஜமாகவே திடுக்கிட்டார். "இதுக்கா ஆறு வருஷம் காத்திருந்தீங்க? வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே."

அங்கேயே பெயிண்டருக்குப் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் கதவிலிருந்த அடைப்புக்குறி சுரண்டப்பட்டது. 'பயிற்சியாளர்' மட்டும் மிச்சம். ஒப்பந்தம் வந்தது, மூன்று தோல்வி வரி நடுவில் நின்றது, பொறுப்பு அதைப் படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போட்டார். வாசல் பெயரை மட்டும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திப்போட்டார்கள்.

மனைவி வாழ்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு நாள்காட்டியைப் பார்த்தாள்.

முதல் ஆட்டம் கடைசி நிமிஷத்தில் போயிற்று. சொந்தத் தடுப்பாட்டக்காரன் முழங்காலில் பட்டுப் பந்து உள்ளே திரும்பியது. இரண்டாவது ஆட்டத்தில் கோல்கீப்பர், பல வருஷங்களுக்குப் பிறகு, கண்ணை மூடிக்கொண்டான். கேட்டதற்கு, இதுவரைக்கும் தோற்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நிம்மதியாக இருந்தேன், இப்போது உங்கள் வேலை போய்விடுமே என்று பதறுகிறது சார் என்றான். மொத்த அணிக்கும் அதே பதற்றம். ஆறு வருஷமாக யார் தலைக்கு மேலும் கத்தி தொங்கவில்லை, அதனால்தான் ஆடினார்கள் போலும் என்று பொறுப்புக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உறைத்து என்ன பிரயோஜனம்?

மூன்றாவது ஆட்டம் பாதியிலேயே கையை விட்டுப் போய்விட்டது. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது, பிறகு நூறு குரல். "கோச்சே வெளியே போ."

பெஞ்சிலிருந்த பொறுப்பு திரும்பிப் பார்த்தார். கோச்சே என்கிறார்கள். அடைப்புக்குறி இல்லாமல், வாய் நிறைய. அவமானத்துக்கு நடுவில் ஓர் அரை நிமிஷம் அவருக்கு உடம்பு சிலிர்த்தது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஆட்டம் முடிந்து அறைக்குப் போனபோது தலைவர் கண் கலங்கிக் கைகொடுத்தார், ஒப்பந்தத்தில் இருப்பதை நான் என்ன செய்ய முடியும் என்றார். கதவருகில் பெயிண்டர் வந்துவிட்டிருந்தார். இப்போது உதவிக் கோச்சாக இருந்தவனுக்காக, 'பயிற்சியாளர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி திறந்துகொண்டிருந்தது.

அடுத்த வார இதழில் மச்சினனின் தொடர் பெயர் மாறியது. 'பூட்டா, பட்டாசா, பொறுப்பா?' மூன்றாவது ஆட்டத்தில் அத்தான் காத்த மௌனத்தைப் பற்றி முழுப் பக்கம் எழுதியிருந்தான். மௌனமாக இருந்தது தொண்டைக்கட்டினால் என்பது அவனுக்கே தெரியும். பூட்டின் ஒழுக்கத்தையும் பட்டாசின் வேகத்தையும் ஒரே அணியில் பிசைந்த மேதை என்றான். அவர் வாங்கித் தராத ஒரு கோப்பையையும் அவர் கணக்கில் சேர்த்திருந்தான்.

"இதையெல்லாம் போன மாசம் எழுதியிருந்தா என்னடா?"

"போன மாசம் நீங்க வேலையில இருந்தீங்களே அத்தான்," என்றான் மச்சினன், தட்டை நீட்டியபடி.

ஒத்திப்போட்ட கூட்டம் கூடியது. பூட்டுக் கட்சி பட்டாசை ஏற்காது, பட்டாசுக் கட்சி பூட்டை ஏற்காது. இரு கட்சிக்கும் சம அளவு பிடிக்காத ஒருவர் இப்போது முன்னாளாகிவிட்டிருந்தார். ஒரே மனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தலைவர் உடனே பெயிண்டருக்குப் போன் போட்டார்.

திறப்பு நாளன்று பொறுப்பு புதுச் சட்டை போட்டுக்கொண்டு மனைவியோடு போனார். மேற்குப் பக்கம் வெறிச்சென்று கிடந்தது. கூட்டமெல்லாம் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கு வாசலில் முண்டியடித்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"அந்தப் பக்கம் போங்க சார். இது சும்மா பொறுப்பு வாசல். நிரந்தர வாசல் கட்டற வரைக்கும் வெச்சிருக்காங்க போல."

பொறுப்பு நிமிர்ந்து பார்த்தார். ஆளுயர நீல எழுத்தில், துல்லியமாக, அழகாக எழுதியிருந்தது: 'மேற்கு வாயில் (பொறுப்பு)'.

மனைவி அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "அடைப்புக்குறி தெளிவாத் தெரியுதா?" என்றாள், கண்ணாடிக் கடைக் குரலில். உதட்டைக் கடித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

ஏணியும் டப்பாவுமாகப் பெயிண்டர் ஓடி வந்தார். தலைவர் 'பொறுப்பு பேரைப் போட்டுடுங்க' என்றுதான் சொன்னாராம். அந்தச் சொல்லைக் கேட்டதும் கை தன் பாட்டுக்குக் குறியைப் போட்டுவிட்டதாம். ஆறு வருஷப் பழக்கம். "மன்னிச்சுக்கங்க சார். சுரண்டிட்டு, 'பொறுப்பு வாயில்'னு பெரிசா எழுதிடறேன். ஒரு மணி நேர வேலை."

ஏணியைச் சுவரில் சாய்த்தார். பொறுப்பு ஏணியைப் பிடித்தார். ஏறுவதற்கு ஒத்தாசையாக என்றுதான் பெயிண்டர் நினைத்தார். பிடித்த கை நகரவில்லை.

இந்த இடத்தில் முன்னால் இருந்தது நிரந்தர வாசல்தான். போன கோடையில் அதை இடித்ததைப் பொறுப்பு தன் அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம், விடுங்க," என்றார்.

"அப்படியே இருக்கட்டுமா சார்?"

"அப்படியேதான் இருக்கணும். குறியை எடுத்தீங்கன்னா இடிச்சிடுவாங்க."

காவலாளி இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றான். பொறுப்பு டிக்கெட்டை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு, ஆளில்லாத அந்த வாசல் வழியாக உள்ளே போனார். மைதானத்தில் ஆட்டம் தொடங்கியிருந்தது. புதுப் பொறுப்பு பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான், அணி தானாகவே ஓடிக்கொண்டிருந்தது.