டிமிக்கி

டிரில் மாஸ்டருக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுத் தப்பித்தவன் கிடையாது. ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷமாகியும் அந்த அடுக்குமாடியில் அவர் டிரில் மாஸ்டர்தான், அவர் பெண்டாட்டி மாஸ்டரம்மாதான். பள்ளிக்கூட மைதானத்தில் அவர் பார்க்காத வயிற்றுவலியா, கேட்காத தலைசுற்றலா? ஓடச் சொன்னால் போதும், அதுவரை சுவரேறிக் குதித்துக்கொண்டிருந்த பயலுக்குக் கால் சுளுக்கிக்கொள்ளும். ஒரே மாமாவை இரண்டு தடவை சாகடித்துவிட்டு லீவு கேட்ட மகராசனும் உண்டு.

இவர்களைப் பிடிக்க அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். நிஜமாக வலிக்கிறவன் வலிக்கிற இடத்தைப் பார்ப்பான், ஏமாற்றுகிறவன் முதலில் வாத்தியார் மூஞ்சியைப் பார்ப்பான். இது ஒருநாளும் தப்பியதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். தப்பியிருந்தாலும் அவரிடம் வந்து சொல்ல யாருக்குத் தைரியம் இருந்தது, அது வேறு விஷயம்.

மாஸ்டரம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்து ஸ்க்ரூ வைத்து மூட்டி அனுப்பினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வையுங்கள், படுக்கையிலேயே விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர். அந்தக் கடைசி வார்த்தை மனுஷனைப் பிடித்துக்கொண்டது. அவருடைய அண்ணன் இப்படித்தான் விழுந்தார், வலிக்கிறது வலிக்கிறது என்று படுத்தார், எழுந்திருக்கவே இல்லை. முதுகெல்லாம் புண்ணாகிக் கிடந்த அண்ணனைப் புரட்டிப் போட்டுத் துடைத்ததெல்லாம் இவர் கைதான். அந்த நாற்றம் இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை. தன் பெண்டாட்டியை அந்தக் கதிக்கு விடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பாவி மனுஷனுக்கு அவள்மேல் அவ்வளவு உயிர்.

பிசியோதெரபிக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். வாக்கரைப் பிடித்து எப்படி நடப்பது, எவ்வளவு நடப்பது என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தாள். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும், கூடினால் நடக்க விடாமல் உடனே கூப்பிடுங்கள் என்று வாசல்வரை வந்து ஒருமுறை, செருப்பு மாட்டும்போது ஒருமுறை சொன்னாள். மாஸ்டர் தலையை ஆட்டினார். ஊரையே ஓட வைத்தவனுக்கு நேற்று படித்துவிட்டு வந்த பெண் நடை சொல்லிக்கொடுக்கிறாளா என்று உள்ளுக்குள் எரிச்சல். ஒரு வாரம் பொறுத்தார். அப்புறம், இனி நானே பார்த்துக்கொள்கிறேன் அம்மா என்று மரியாதையாகவே அனுப்பிவைத்தார்.

மறுநாளிலிருந்து வராந்தாதான் மைதானம். லிப்ட் வாசலிலிருந்து மாடிப்படி வரைக்கும் போக வேண்டும், திரும்பி வர வேண்டும். மாஸ்டர் பின்னாலேயே, "லெப்ட், ரைட்" போட்டுக்கொண்டு வருவார். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்து, இந்த மாதிரி புருஷன் யாருக்குக் கிடைக்கும் மாஸ்டரம்மா என்பார்கள். அவளும் சிரிப்பாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அவள் பாதி வராந்தாவில் நின்றாள். மெதுவாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள், "இன்னைக்கு ரொம்ப வலிக்குதுங்க."

மாஸ்டருக்குச் சிரிப்புதான் வந்தது. பார்த்தாயா, மூஞ்சியைப் பார்க்கிறாள். யாரிடம் வைத்துக்கொள்கிறாய் இந்த வேலையை என்று செல்லமாக அதட்டினார். அவள் நடந்தாள். மறுநாளும் அதே இடத்தில் நின்றாள், அதே மாதிரி பார்த்தாள், அதையே சொன்னாள். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. உன்னை இன்றைக்கு உட்கார வைத்தால் நாளைக்குப் படுத்துவிடுவாய், அண்ணனை மறந்துவிட்டாயா என்று கத்தினார். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகைக்கெல்லாம் மசிகிற ஆளா அவர்? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். அப்புறம் தினமும் இதே கதைதான்.

தூர தேசத்திலிருக்கும் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். மாஸ்டர் போனை நாற்காலிமேல் சாய்த்து வைத்துவிட்டு, உன் அம்மாவைப் பார் என்று ஹாலில் நடக்க வைத்துக் காட்டினார். அம்மா சூப்பர், அப்பா கெட்டிக்காரர் என்று மகள் கைதட்டினாள். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மகள் போனை வைத்ததுதான் தாமதம், மாஸ்டரம்மா சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். தூக்கப் போனால் தொட விடவில்லை. கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்து, எங்கே அம்மா வலிக்கிறது, எத்தனை நாளாக என்று கேட்டார். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்க்கவில்லை. திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை அது. கல்யாணமான நாளிலிருந்து சினிமாவுக்குப் போகலாமா, அம்மா வீட்டுக்குப் போகட்டுமா, காய்ச்சலாக இருக்கிறது படுக்கட்டுமா என்று எதற்கும் வாயைத் திறக்குமுன் அவள் அப்படித்தான் பார்ப்பாள். பக்கத்திலேயே இருந்து தொலைத்த மனுஷனுக்கு அது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

ஸ்க்ரூ எலும்பைத் துளைத்து வெளியே வந்து மூட்டுக்குள் குத்திக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். ஆரம்பத்திலேயே, வலி கூடினபோதே கொண்டுவந்திருந்தால் நடையை நிறுத்திவிட்டு ஏதாவது செய்திருக்கலாம். இப்போது எலும்பு நொறுங்கிவிட்டது. மறுபடி பெரிய ஆபரேஷன் செய்ய அவளுடைய இதயம் தாங்காது, மயக்க மருந்து டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இனி நடக்க முடியாது.

"இதோட எப்படி நடந்தாங்க?" என்று டாக்டர் கேட்டார். "ஒவ்வொரு அடிக்கும் உயிர் போயிருக்குமே. யார் நடக்க வெச்சது?"

"நான்தான்," என்றார் மாஸ்டர்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து கட்டிலில் கிடத்தினார்கள். எந்தப் படுக்கைக்குப் பயந்து அவளை விரட்டினாரோ, அந்தப் படுக்கையில் அவரே கொண்டுவந்து போட்டுவிட்டார். மகளிடம் மாஸ்டரம்மாவே போனில், நான்தான் கவனமில்லாமல் மறுபடி விழுந்துவிட்டேன், அப்பாவை ஒன்றும் சொல்லாதே என்றாள். பக்கத்தில் நின்று கேட்ட மாஸ்டருக்கு, இதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று இருந்தது. அவருக்குத் தாங்கவில்லை.

"அவ்வளவு வலிச்சிருக்கே, ஏன் எங்கிட்ட அழுத்திச் சொல்லலை?"

"சொன்னேனே," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "தினமும் சொன்னேனே."



அந்த பிசியோதெரபிப் பெண்ணையே மறுபடி கூப்பிட வேண்டியதாயிற்று. அவள் வந்து பார்த்தாள், எக்ஸ்ரேயைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். படுத்தபடியே செய்ய வேண்டியதைக் கற்றுக்கொடுத்தாள். ரத்தம் கட்டாமல் இருக்கப் பாதத்தை மடக்கி நீட்ட வேண்டும், நல்ல காலை மடக்க வேண்டும், கெட்ட காலை வலிக்காத அளவுக்கு மட்டும் லேசாக நகர்த்த வேண்டும். வலித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், அவங்க சொல்றதுதான் கணக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மாஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் குதிகாலைக் கையில் ஏந்தி, கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குகிற மாதிரித் தூக்கி, இம்மியளவு நகர்த்தினார்.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அவளுடைய விரல்கள் படுக்கை விரிப்பை இறுக்கிப் பிடித்திருந்தன. நெற்றி வியர்த்திருந்தது. அவர் உடனே நிறுத்திவிட்டார்.

"வலிச்சா சொல்லும்மா. சொல்லு, விட்டுடறேன். இனிமே நீ சொன்னா கேப்பேன்."

"வலிக்கலைங்க," என்றாள் மாஸ்டரம்மா. "நீங்க பண்ணுங்க."