மாதிரி அறைக்குள் டெல்பர்ட்

சிறைக்கு வரைபடம் போடுகிறவள் இப்படித் துள்ளலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். எங்கள் மாவட்டமான ஆஷ்பி கவுண்டியின் கோடைக் கண்காட்சியில், சிறந்த ஆட்டுக்குப் பரிசு தரும் திடலுக்கு எதிரே, நான் வரைந்த புதுச் சிறையின் ஓர் அறை முழு அளவில் நின்றது. சுவர் பலகைதான். கதவும் பூட்டும் நிஜம். ஊரே வந்து தட்டிப் பார்த்தது; எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போதிருக்கும் சிறை, நீதிமன்றத்தின் நிலவறை. பகலா இரவா என்றே தெரியாது. "அதுல ஒரு வாரம் இருந்தா எனக்கே பைத்தியம் புடிச்சிரும்" என்பார் சிறையைக் கவனிக்கும் ஷெரிஃப் ராய். அதனால் ஒவ்வோர் அறைக்கும் ஒரு ஜன்னல் வைத்தேன். அந்த ஜன்னலுக்குத்தான் ஆபத்து. கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்களின் தலைவர் டெல்பர்ட் கிரான்ட்ஸ் முதலில் அதை உயர்த்தச் சொன்னார். பயந்துபோய் உயர்த்தினேன். இப்போது திங்கட்கிழமைக் கூட்டத்தில் அடியோடு எடுத்துவிடப் போகிறாராம்.

"தப்பு பண்ணிட்டு வர்றவனுக்கு வேடிக்கை பாக்க ஜன்னல் எதுக்கும்மா?" என்றபடி மாதிரி அறைக்கு வந்தார். பூட்டைத் தானே சோதிக்க வேண்டுமென்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். "உறுதியா இருக்கான்னு பாப்போம்" என்று கதவை இழுத்தார். டமார்!

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சாவி அவரோடு உள்ளே; சிறைக் கதவுக்கோ உள்பக்கம் சாவித் துவாரம் கிடையாது. சாப்பாடு தள்ளும் சின்னக் கதவும் அதே சாவியால் வெளியிலிருந்துதான் திறக்கும். நிஜச் சிறையில் காவலர் பொத்தானை அமுக்குவார். இங்கே ஏது பொத்தான்? பலகைகளுக்குக்கூடச் சாதாரணத் திருப்புளிக்கு அசையாத சிறைத் திருகாணிகளைத்தான் போட்டிருந்தேன், அவ்வளவு பெருமை எனக்கு. தச்சர் தன் கருவியை எடுத்துவர வீட்டுக்கு ஓடினார்.

"டெல்பர்ட், மதியத்துக்கு நம்ம சிறைச் சாப்பாடுதான்!" என்று ராய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் போயிற்று, வேலையும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி டெல்பர்ட்டின் மனைவி ஆர்லீனைக் கூப்பிட்டது. அவள் தன் கிடாவோடு திடலில் இறங்கினாள். திடலைப் பார்த்திருந்த ஜன்னலில் டெல்பர்ட்டின் நெற்றி தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. மனைவியின் ஆட்டைப் பார்க்க மனிதர் உள்ளே குதித்துக்கொண்டிருந்தார்!

கிடா முதல் பரிசு வாங்கியது. ஆர்லீன் ஓடிவந்து, பரிசு நாடாவை எட்டி ஜன்னல் கண்ணாடியில் அமுக்கி, மூச்சுவிடாமல் பேசினாள். "கல்யாணமான நாள்லேர்ந்து நான் பேசறத இவரு குறுக்க பேசாம கேக்கறது இதான் மொதத் தடவ!" என்று எங்களிடம் திரும்பிச் சொன்னாள்.

தச்சர் திரும்பி வந்து ஒரு வழியாகப் பலகையைக் கழற்றினார். வேர்த்து விறுவிறுத்து வந்தவர் நேரே என்னிடம்தான் வந்தார்.

"நடீன், அந்த ஜன்னல்..."

"சார், மன்னிச்சிருங்க..."

"யாரும்மா அத்தன ஒசரத்துல வெச்சது? கணுக்காலே போச்சு. உள்ள இருக்கறவன் நாள் பூரா குதிச்சுக்கிட்டா இருப்பான்? எறக்கு."

"எவ்வளவு சார்?"

"கட்டில்ல உக்காந்தா ஆடு தெரியணும்."

புதுச் சிறை வரப்போகும் இடத்தில் ஆடு கிடையாது, சோளக்காடுதான். இருந்தால் என்ன? நின்ற இடத்திலேயே மண்டிபோட்டு, பலகைச் சுவரில் பென்சிலால் ஜன்னலுக்குப் புதுக்கோடு போட்டேன்.